‘குவே’ என்று படித்தால் சிரிக்கலாமா?

ஆங்கிலத்தில் ஒரு சின்னஞ்சிறு சொல் இருக்கிறது.

க்யூ, யு, ஏ, ஒய் என்ற 4 எழுத்துக்களால் ஆனது அது. துறைமுகங்களின் பெயர்ப் பலகைகளில் அதைப் பார்க்கலாம். செய்தித்தாள்களிலும் பயணக் கட்டுரைகளிலும் பார்க்கலாம்.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் பையன் அதை ‘குவே’ என்று படிப்பான். அல்லது ‘குவாய்’ என்பான்.

இரண்டும் தவறு. ‘கீ’ என்று சொல்ல வேண்டும். பூட்டைத் திறக்கும் சாவியை ஆங்கிலத்தில் ‘கீ’ என்கிறார்கள் அல்லவா? அதே ஓசைதான்!

‘குவே’ என்று படித்தவனைப் பார்த்துத் தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். வகுப்பிலே சிரிக்கிறார்கள். அலுவலகத்திலே சிரிக்கிறார்கள். வீட்டிலே, பெற்ற பிள்ளையே அப்பாவைப் பார்த்துச் சிரிப்பதும் உண்டு.

அந்தச் சிரிப்புக்கு அஞ்சி, பலர் வாய்விட்டுப் படிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள்.

இது நியாயமா?

நியாயம் அல்ல. அந்தச் சொல்லின் கதையைத் தெரிந்துகொண்டால், சிரிக்க வேண்டியது படித்தவனைப் பார்த்து அல்ல, அந்த எழுத்துக்களைப் பார்த்துத்தான் என்பது புரியும்.

அது என்ன பொருள்?

முதலில் பொருளைத் தெரிந்துகொள்ளலாம்.

கடற்கரை சாய்வாக இருக்கும். கரை ஓரத்தில் தண்ணீரின் ஆழம் குறைவு. பெரிய கப்பல் அங்கே வந்தால் தரை தட்டிவிடும். ஆகவே கப்பல் தூரத்திலேயே நிற்க வேண்டும்.

சரக்கு எப்படிக் கரைக்கு வரும்? படகில் இறக்கி, படகைக் கரைக்குக் கொண்டு வந்து, மறுபடியும் இறக்க வேண்டும். ஒரே மூட்டைக்கு இரண்டு வேலை, இரண்டு கூலி. அலை அடித்தால் மூட்டை தண்ணீரில் போய்விடும்.

இந்தத் தொல்லையைத் தீர்க்க மனிதன் ஒரு வழி கண்டான்.

நீரின் ஆழத்திலிருந்து செங்குத்தாக ஒரு சுவர் எழுப்பினான். சுவருக்குப் பின்னால் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பினான். மேலே தளம் போட்டான். கப்பல் அந்தச் சுவரை ஒட்டி வந்து நின்றது. கப்பலிலிருந்து தூக்கிய மூட்டையை நேரே தரையில் வைக்க முடிந்தது.

கரையை ஒட்டிக் கட்டிய இந்த மேடைதான் ‘கீ’.

அதன் ஓரத்தில் கப்பலைக் கயிற்றால் கட்டுவதற்கு இரும்புக் குற்றிகள் நட்டிருப்பார்கள். கப்பல் மோதினால் சேதம் வராமல் இருக்க ரப்பர் தடுப்புகளைப் பொருத்தியிருப்பார்கள். மேலே தண்டவாளத்தில் பளு தூக்கும் கிரேன் ஓடும். பின்னால் கிடங்குகள் இருக்கும்.

சென்னை பட்ட பாடு

இந்த மேடை இல்லாவிட்டால் என்ன பாடு என்பது பழைய சென்னைக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் காலத்தில் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும். மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிப் போய் ஆட்களையும் சரக்கையும் ஏற்றி வரும். அந்தப் படகுகளில் ஆணி இருக்காது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது பலகை வளைந்து கொடுக்கும், உடையாது. படகோட்டிகளின் திறமையைக் கண்டு வெள்ளைக்காரர்கள் வியந்தார்கள். ஆனாலும் கரை சேரும் வரை பயணிகளின் உயிர் அவர்கள் கையில் இல்லை.

1861-ஆம் ஆண்டில் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று அமைந்தது. 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881-இல் அடித்த புயல் கட்டிய சுவர்களைப் பெரிதும் சிதைத்தது. மறுபடியும் கட்டினார்கள்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர் துறைமுகத்தின் பொறுப்பை ஏற்றார். துறைமுகத்தின் வாயிலே இடம் மாறியது. கப்பல்கள் ஒட்டி நிற்க மேடைகள் எழுந்தன.

‘வெஸ்ட் கீ’, ‘சவுத் கீ’ என்ற பெயர்கள் சென்னைத் துறைமுகத்தில் இன்றும் வழங்குகின்றன. மேற்கு மேடை, தெற்கு மேடை என்பதுதான் அவற்றின் பொருள்.

எழுத்து மாறிய கதை

இனி எழுத்தின் கதைக்கு வரலாம்.

பண்டைக் காலத்தில் இன்றைய பிரான்ஸ் நாட்டில் கெல்ட் இனத்தார் வாழ்ந்தார்கள். வேலி, அடைப்பு என்ற பொருளில் அவர்களிடம் ஒரு சொல் இருந்தது. அதுவே இந்தச் சொல்லின் மூலம். அதே குடும்பத்தைச் சேர்ந்த வேல்ஸ் மொழியில், வயலுக்கு இன்றும் ‘கை’ என்று பெயர். வேலி போட்ட இடம்தானே வயல்?

தண்ணீருக்கு வேலி போட்டது போன்ற கரைச் சுவருக்கு அந்தச் சொல் பொருத்தமாக அமைந்தது. அது பிரெஞ்சு மொழிக்குப் போயிற்று. அங்கிருந்து இங்கிலாந்துக்கு வந்தது.

இங்கிலாந்துக்காரர்கள் அதைத் தங்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். சாவிக்கு எழுதுவது போலவே எழுதினார்கள். எழுத்தும் ஓசையும் ஒத்துப் போயின. யாருக்கும் தொல்லை இல்லை.

பிறகுதான் வினை வந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சொல்லை வேறு விதமாக எழுதினார்கள். அதுவே நாகரிகம் என்று இங்கிலாந்தில் படித்தவர்கள் எண்ணினார்கள். சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்னால், பிரெஞ்சைப் பார்த்து ஆங்கில எழுத்தை மாற்றிவிட்டார்கள்.

எழுத்துத்தான் மாறியது. வாய் மாறவில்லை. துறைமுகத்துத் தொழிலாளியும் மாலுமியும் பழையபடி ‘கீ’ என்றே சொல்லி வந்தார்கள். பிரெஞ்சுக்காரரோ அதை ‘கே’ என்கிறார்.

ஆக, எழுத்து பிரெஞ்சுக்காரருடையது, ஓசை ஆங்கிலேயருடையது. இரவல் சட்டை போட்டவனைப் பார்த்து ஆள் அடையாளம் தவறினால், அது பார்த்தவனின் குற்றமா?

‘குவே’ என்று படிக்கிறவன் எழுத்துக்கு உண்மையாக நடக்கிறான். எழுத்துத்தான் அவனை ஏமாற்றுகிறது.

ஆங்கிலேயருக்கும் இந்தத் தொல்லை உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கே கடலோரத்தில் ஓர் ஊர் இருக்கிறது. துப்பறியும் கதைகள் எழுதிப் புகழ் பெற்ற அகதா கிறிஸ்டி 1890-இல் பிறந்த ஊர் அது. பெயரின் முடிவில் இந்த 4 எழுத்துக்களும் இருக்கின்றன. எழுத்தை நம்பினால் ‘டார்க்குவே’ என்று படிக்கத் தோன்றும். ஆனால் ஊரார் ‘டார்க்கீ’ என்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவின் தென்கோடியில் ‘கீ வெஸ்ட்’ என்ற ஊர் இருக்கிறது. அங்கே ‘கீ’ என்பதைச் சாவியின் எழுத்துக்களால் எழுதுகிறார்கள். ஆனால் அதற்குச் சாவி என்றும் பொருள் இல்லை, கப்பல் மேடை என்றும் பொருள் இல்லை. சிறு தீவு என்று பொருள்! அது ஸ்பானியர் வழியாக வந்த வேறு சொல்.

உடன்பிறப்புகள்

துறைமுகத்தில் இந்தச் சொல்லுக்குப் பல உறவினர்கள் இருக்கிறார்கள்.

‘வார்ஃப்’ என்பதும் கப்பல் ஒட்டி நிற்கும் மேடைதான். கல்லும் மண்ணும் நிரப்பிய கெட்டியான மேடையை ‘கீ’ என்பதும், தண்ணீரில் தூண்களை நட்டு மேலே தளம் போட்டதை ‘வார்ஃப்’ என்பதும் ஒரு வழக்கம். ஆனால் பல ஊர்களில் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

‘பியர்’ என்பது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டியது. தமிழ் மக்கள் அதைக் ‘கடல் பாலம்’ என்று அழகாகச் சொல்கிறார்கள்.

‘ஜெட்டி’ என்பதும் கடலுக்குள் நீள்வதுதான். எறிதல் என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கரை தன் கையைக் கடலுக்குள் எறிந்தது போல இருப்பதால் அந்தப் பெயர்.

‘பெர்த்’ என்பது ஒரு கப்பல் நிற்கும் இடம். ரயிலில் ஒருவர் படுக்கும் இடத்துக்கும் அதே பெயர்தான்.

‘டாக்’ என்ற சொல்லில்தான் பெரிய குழப்பம். பிரிட்டனில் ‘டாக்’ என்றால் கப்பல் வந்து நிற்பதற்காகக் கட்டி அடைத்த நீர்ப்பகுதி. சென்னையின் ‘ஜவகர் டாக்’, ‘பாரதி டாக்’ எல்லாம் அந்தப் பொருளில் வைத்த பெயர்கள். அமெரிக்காவிலோ, மனிதன் நடக்கும் மேடையையே ‘டாக்’ என்கிறார்கள்.

லண்டன்காரன் ‘டாக்’கில் விழுந்தால் உடல் நனையும். நியூயார்க்காரன் ‘டாக்’கில் விழுந்தால் முழங்கால் சிராயும்!

ஒரே மொழி பேசுகிறவர்களுக்குள்ளேயே இவ்வளவு குழப்பம் இருக்கிறது. மற்றவர்கள் தடுமாறினால் அதில் வெட்கம் என்ன?

சொல்லுக்குள் சட்டம்

சில சமயம் ஒரு சொல்லின் பொருள் பணத்தையும் நிர்ணயிக்கும்.

முதலாம் எலிசபெத் அரசி 1558-இல் இங்கிலாந்தின் பட்டத்துக்கு வந்தார். அவருடைய ஆட்சியின் தொடக்கத்தில் ஒரு சட்டம் வந்தது. வெளிநாட்டுச் சரக்கைக் கண்ட இடத்தில் இறக்கக் கூடாது, குறிப்பிட்ட மேடைகளில், பகல் நேரத்தில்தான் இறக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். சுங்க வரி ஏய்க்காமல் இருப்பதற்காக இந்த ஏற்பாடு.

அந்த மேடைகளுக்குச் ‘சட்டக் கீ’கள் என்று பெயர் வந்தது. லண்டனில் தேம்ஸ் ஆற்றின் வடகரையில் அத்தகைய மேடைகள் 20 இருந்தன. ஒரு மேடைக்கு அந்தப் பெயர் இருந்தால் அங்கே சரக்கு இறங்கும், கூலி கிடைக்கும், ஊர் வளரும். பெயர் இல்லாவிட்டால் ஒரு மூட்டை கூட இறங்காது.

வாணிபம் பெருகியது. மேடைகளின் நீளம் பெருகவில்லை. கப்பல்கள் ஆற்றிலே வாரக் கணக்கில் காத்துக் கிடந்தன. திருட்டு மலிந்தது. அதன் பிறகே வணிகர்கள் சேர்ந்து பெரிய ‘டாக்’குகளை வெட்டினார்கள். அவற்றில் ஒன்றான வெஸ்ட் இந்தியா டாக் 1802-இல் திறக்கப்பட்டது.

துறையில் சுங்கம் வாங்குவது தமிழருக்கும் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து இறங்கிய பண்டங்களுக்கும், ஏற்றுமதிக்கு வந்த பண்டங்களுக்கும் சோழனின் புலி முத்திரை இடப்பட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது.

ஈழத்தில் ஒரு ‘கீ’

இந்தச் சொல்லின் உறவு ஒன்று தமிழ் பேசும் ஊர் ஒன்றிலேயே குடியிருக்கிறது. பலருக்கு அது தெரியாது.

இலங்கையில், யாழ்ப்பாணத்துக்கு மேற்கே ஒரு தீவு. அங்குள்ள துறைமுக ஊரின் பெயர் ஊர்காவற்றுறை. ஆங்கிலத்தில் அதைக் ‘கயிட்ஸ்’ என்கிறார்கள்.

அந்தப் பெயர் எப்படி வந்தது?

யாழ்ப்பாண நாட்டைப் போர்த்துக்கீசியர் 1619-இல் கைப்பற்றினார்கள். அந்தக் காலத்தில் இலங்கையின் யானைகளுக்கு நல்ல கிராக்கி. யானைகளை இந்தத் துறைக்குக் கொண்டு வந்து, கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். ஆகவே போர்த்துக்கீசியர் அந்த இடத்துக்கு ‘யானைகளின் மேடை’ என்று தங்கள் மொழியில் பெயர் வைத்தார்கள். அவர்கள் மொழியில் மேடைக்குக் ‘கைஷ்’ என்று பெயர். ஆங்கிலத்தின் ‘கீ’யும் போர்த்துக்கீசியரின் ‘கைஷும்’ பிரெஞ்சு வழியாக வந்த ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்!

1658-இல் யாழ்ப்பாணம் டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. பின்னர் ஆங்கிலேயர் வந்தார்கள். யானைகள் போய்விட்டன. ‘கைஷ்’ மட்டும் தேய்ந்து ‘கயிட்ஸ்’ ஆக நின்றுவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது.

வந்தவர்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி ஒரு பெயர் சொன்னார்கள். ஊர் மக்களோ ‘ஊர்காவற்றுறை’ என்ற தங்கள் பெயரை விடவில்லை. போர்த்துக்கீசியருக்கு அது ‘கைஷ்’. தமிழருக்கு அது ‘துறை’. பொருள் ஏறக்குறைய ஒன்றுதான்!

பக்கத்திலேயே காங்கேசன்துறை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை என்று எத்தனை துறைகள்! படகு ஏறும் இடத்தை ‘இறங்குதுறை’ என்று அங்குள்ள மக்கள் இன்றும் வழங்குகிறார்கள்.

‘துறை’யின் பெருமை

‘துறை’ என்பது எவ்வளவு பெரிய சொல் என்பதைத் தமிழர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆற்றில் இறங்கிக் குளிக்கும் இடம் துறை. துணி வெளுக்கும் இடம் துறை. ஓடம் ஏறும் இடம் துறை. பிறகு அது கரையை விட்டு ஊருக்குள் வந்தது. கல்வித் துறை, மருத்துவத் துறை, காவல் துறை என்று ஆயிற்று. தண்ணீரில் இறங்குவதற்கு வழி எப்படியோ, அப்படியே ஓர் அறிவில் இறங்குவதற்கு வழி!

ஆங்கிலத்தின் ‘கீ’ இவ்வளவு தூரம் நடக்கவில்லை. அது கரையிலேயே நின்றுவிட்டது.

இந்தச் செல்வத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இரவல் எழுத்தை ஓசை தவறிப் படித்ததற்காக ஒருவன் தலை குனிய வேண்டுமா?

பெயர் இருக்கிறது, வேலை இல்லை

வெளிநாடு போகிறவர்களின் கண்ணில் இந்தச் சொல் அடிக்கடி படுகிறது.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் ‘சர்க்குலர் கீ’ இருக்கிறது. புகழ் பெற்ற ஆப்பரா மாளிகை அதன் அருகில்தான். சர்க்குலர் என்றால் வட்டம். உண்மையில் அது அரை வட்டம். முதலில் ‘அரைவட்டக் கீ’ என்றுதான் பெயர் வைத்தார்கள். நாளடைவில் ‘அரை’ உதிர்ந்துவிட்டது. 1837 முதல் 1844 வரை அதைக் கட்டியவர்களில் இங்கிலாந்திலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளும் உண்டு.

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ‘போட் கீ’, ‘கிளார்க் கீ’ இருக்கின்றன. ஒரு காலத்தில் அங்கே படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்குப் படகு ஓட்டியவர்களில், தொடக்கக் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களும் இருந்தார்கள். கூலிகள் ஒற்றைப் பலகையில் நடந்து அரிசி மூட்டைகளைச் சுமந்தார்கள்.

1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு கப்பல் 58 அலுமினியப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. கன்டெய்னர் யுகம் பிறந்தது. பல நாள் மூட்டை தூக்கிச் செய்த வேலையைக் கிரேன் சில மணி நேரத்தில் முடித்தது. அந்தக் கிரேனுக்கும், மலை போன்ற கப்பலுக்கும் பழைய ஆற்று மேடைகள் போதவில்லை. உலகமெங்கும் பழைய மேடைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சிங்கப்பூர் ஆற்றின் சரக்குப் படகுகளும் 1983-இல் வேறு இடத்துக்குப் போய்விட்டன.

இன்று அந்த மேடைகளில் உணவு விடுதிகள் இருக்கின்றன. மாலையில் விளக்குகள் மின்னுகின்றன. லண்டனின் ‘கேனரி வார்ஃப்’ ஒரு காலத்தில் கேனரித் தீவுகளின் பழங்கள் வந்து இறங்கிய இடம். இன்று அங்கே வங்கிகளின் வானளாவிய கட்டடங்கள்.

பெயர் தங்கிவிட்டது. வேலை போய்விட்டது. மூட்டை சுமந்தவன் மறந்து போனான்.

‘போட் கீ’ என்று ஓசை தவறாமல் சொல்லி, அங்கே சாப்பிட்டு வருகிறவர்கள் எத்தனையோ பேர். அந்த மேடையில் யாருடைய வியர்வை விழுந்தது என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்?

எது அறிவு?

துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரி ஓட்டுநர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கையிலே உள்ள சீட்டில் இந்த 4 எழுத்துக்கள் இருக்கின்றன. அவர் அதைக் ‘குவே’ என்று படிக்கலாம். ஆனால் லாரியைச் சரியான மேடையில் கொண்டு போய் நிறுத்துவார்.

ஓசையைத் தவறாமல் சொல்லும் பட்டதாரி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வாயிலில் நிற்பார்.

இருவரில் அந்தச் சொல்லை அறிந்தவர் யார்?

அதற்காகச் சரியான ஓசையைக் கற்க வேண்டாம் என்பதல்ல. கற்கத்தான் வேண்டும். வேலைக்குப் போகும் இடத்தில் அது தேவைப்படும். கப்பலில் வேலை செய்கிறவனுக்கு உத்தரவு காதில்தான் வரும். ஆசிரியர் ‘கீ’ என்று சொல்லிக் கொடுக்கட்டும். அதோடு அந்த மேடை எப்படி இருக்கும், அங்கே யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதையும் சொல்லிக் கொடுக்கட்டும். எழுத்து ஏன் இப்படி இருக்கிறது என்ற கதையையும் சொல்லட்டும். கதையோடு கேட்ட ஓசையைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு.

ஊர்ப் பெயராக வந்தால் ஒலிப்படி ‘சர்க்குலர் கீ’, ‘கிளார்க் கீ’ என்று எழுதலாம். பெயரை மொழிபெயர்த்தால் ஊரைத் தேடிப் போகிறவர் வழி தவறிவிடுவார்.

பொருளாக வந்தால் தமிழில் எழுத வேண்டும். ‘துறைமேடை’ என்றால் படிக்காதவருக்கும் புரியும். கடலுக்குள் நீண்டால் ‘கடல் பாலம்’. படகு ஏறும் இடம் ‘இறங்குதுறை’. இவ்வளவு சொற்கள் இருக்கும்போது, எல்லாவற்றையும் ‘துறைமுகம்’ என்ற ஒரே சொல்லால் மூடிவிடுவது சரியல்ல.

‘கப்பல் துறைமுகத்துக்கு வந்தது’ என்றால் என்ன அர்த்தம்? வெளியே நங்கூரம் போட்டு இடத்துக்குக் காத்திருக்கிறதா? அல்லது துறைமேடையை ஒட்டிச் சரக்கு இறக்குகிறதா? காத்திருந்தால் ஒவ்வொரு நாளும் பணம் கரைகிறது. மேடைக்கு வந்துவிட்டால் தொழிலாளிக்கு வேலை தொடங்குகிறது. இரண்டுக்கும் எவ்வளவு வேறுபாடு!

கடைசியாக ஒன்று.

வீட்டிலே யாராவது ‘குவே’ என்று வாய்விட்டுப் படித்தால், சிரிக்காதீர்கள். “எழுத்து அப்படித்தான் இருக்கிறது, ஆனால் ‘கீ’ என்று சொல்ல வேண்டும்” என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

படிக்கத் தொடங்கியவன் ஆழத்திலே நிற்கும் கப்பலைப் போன்றவன். அவன் கரை சேர ஒரு மேடை வேண்டும். வீட்டார் சொல்லும் அன்பான வார்த்தைதான் அந்த மேடை.